சிரமமில்லை என்ற கட்டம்

பெமிஜி, மினசோட்டா
9 ஜனவரி 2005

அன்புள்ள மரித்துக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பேனாவில் துணி சுற்றிப் பிடித்து எழுதுகிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசியை இன்சூரன்ஸ்காரர்கள் மறுத்துவிட்டார்கள். என் முடக்குவாதம் லேசானதாம், பழைய மாத்திரையே போதுமாம். எனக்கோ விரல் மடங்கவே காலை பத்து மணி ஆகிறது. அப்பாவுக்குப் பொத்தான் போட முடியாமல் ஸ்வெட்டரிலேயே உட்கார வைத்திருக்கிறேன். "ஏம்மா, ஒரு காபிக்கு இவ்வளவு நேரமா?" என்கிறார்.

அக்டோபரில் நீ வந்து என்னை மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போனாய். எனக்குப் பேனா பிடிக்க வரவில்லை என்று படிவத்தையும் நீயே நிரப்பினாய். அந்த உதவியை மறக்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா

டுலூத்
17 ஜனவரி

அன்புள்ள சொல்வெய்க் அக்காவுக்கு,

படித்ததும் மனசு கேட்கவில்லை. விடாதே, மேல்முறையீடு செய். அப்பாவை நான் அழைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் இங்கே மாடிப்படி. கோடையில் பார்ப்போம். நீ எப்படியும் சமாளித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

என்றும் உன்
மரித்

பெமிஜி
3 பிப்ரவரி

மரித்,

மேல்முறையீட்டுக்காக என் கோப்பின் நகலை வாங்கினேன். உன் படிவமும் அதில் இருக்கிறது. தானே உடுத்த முடிகிறதா, பால் டப்பாவைத் திறக்க முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா என்று இருபது கேள்விகள். இருபதுக்கும் 'சிரமமில்லை' என்ற கட்டத்தில் டிக். பேனா பிடிக்க முடியாதவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போட்டிருக்கிறாய். இதை வைத்துத்தான் மறுத்திருக்கிறார்கள்.

ஏன்?

அக்கா

டுலூத்
10 பிப்ரவரி

அக்கா,

காரில் "எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "அவ்வளவு மோசமில்லடி"ன்னு நீதான் சொன்னாய். நம் ஊர்ப்பக்கம் கால் ஒடிந்தவனும் அதைத்தானே சொல்வான்.

இல்லை, அது சாக்கு. உன்னால் முடியவில்லை என்று ஒரு கட்டத்தில் போட்டால்கூட, அப்பாவை யார் பார்ப்பது என்ற கேள்வி என் வாசலுக்கு வந்துவிடும் என்று பயந்தேன். ஊசிக்கே உலை வைக்கும் என்று தெரியாது. மன்னித்துவிடு.

மரித்

பெமிஜி
21 பிப்ரவரி

மரித்,

நான் சொல்லச் சொல்ல, பக்கத்துப் பண்ணை ஹால்வர் எழுதுகிறார். புதுப் படிவத்தையும் அவர்தான் நிரப்பினார். அவர் காதுபட "முடியல, முடியல" என்று இருபது தடவை சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. சொன்னேன். ஊசி வரும். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் கோணிப்போன விரல்கள் இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா விஷயமாக மாவட்ட முதியோர் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளிடமும் ஒரு படிவம். "உங்க தங்கச்சியால அவரைப் பார்த்துக்க முடியுமா?" என்றாள். நீ பக்கத்தில் இல்லை, அதனால் உனக்காக நானே பதில் சொன்னேன். சிரமமில்லை என்றேன்.

சனிக்கிழமை மதியம் ஹால்வர் அப்பாவைக் கொண்டுவந்து விடுவார். கதவைத் திறந்து வை.

சொல்வெய்க்