தண்டில் வளையம்

பேராவூரணி
14.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகம்தானே? என் போன் இவரிடம் இருக்கிறது, அதனால்தான் கடிதம். ஜாக்கெட் கொடுக்க வரும் தையல்கடை கமருன்னிஸா அக்கா இதைத் தபாலில் சேர்ப்பார். பதிலையும் அவர் கடைக்கே போடுங்கள்.

போன வாரம் மழை விட்டதும் தோப்பிலிருந்து இவர் ஒரு பை காளான் கொண்டுவந்தார். பாதி நல்ல புற்றுக்காளான், நீள வேர் மண்ணோடு வந்திருந்தது. மீதியும் வெள்ளைக் குடைதான், ஆனால் தண்டில் வளையம். திருப்பிப் பார்த்தால் மடிப்பெல்லாம் பச்சை பாரித்திருந்தது. "இது வேற, ஆகாதுங்க" என்று ஒதுக்கினேன். "சீர்காழிக்காரிக்கு மட்டும்தான் காளான் தெரியுமோ? அள்ளிப் போடு" என்றார். மறுபடி சொன்னதற்குக் கை ஓங்கினார். போட்டேன்.

இவரும் அத்தையும் சாப்பிட உட்கார்ந்தபோது வாய் திறக்கப் போனேன். இவர் முறைத்தார், மூடிக்கொண்டேன். நான் தொடவில்லை.

மாலையே இருவருக்கும் வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார்கள். "தெரிஞ்சே ஆக்கிப் போட்டுட்டா" என்கிறார் அத்தை. வாசலைத் தாண்ட விடுவதில்லை. வந்து அழைத்துப் போங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
பூவிழி

சீர்காழி
21.10.2024

பாசமுள்ள பாப்பாவுக்கு,

மாப்பிள்ளையோடு பேசினேன். நல்லபடியாகத்தான் பேசினார். போலீசுக்குப் போக மாட்டார்களாம். நீ அத்தை காலைத் தொட்டு, "எனக்கு வித்தியாசம் தெரியல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நடவு நடக்கிறது, ஆளில்லை. முடிந்ததும் வருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன் அன்பரசன்

பேராவூரணி
2.11.2024

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியபடியே சொன்னேன். "தெரியாதவ ஏன் சாப்பிடல?" என்று கேட்டார் அத்தை. தெரியும் என்றால் கொலைகாரி, தெரியாது என்றால் பொய்க்காரி.

இப்போதும் சமைப்பது நான்தான். எல்லார் முன்னாலும் முதல் கவளத்தை நான் தின்ன வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் அவர்கள் இலையில் கை வைக்கிறார்கள்.

நேற்று அடுப்படியில் இவர் மெதுவாகச் சொன்னார்: "நீ சொன்னது ஞாபகம் இருக்கு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத." ராத்திரிச் சாப்பாட்டில் அத்தை முன்னாலேயே கேட்டுவிட்டேன்: "அன்னைக்கு நான் என்னங்க சொன்னேன்?" இவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தைக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் "என் புள்ளய இப்படித் தல குனிய வச்சிட்டியே" என்று என்னைத்தான் சொன்னார்.

சின்ன வயதில் வரப்பில் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே காளான் பொறுக்கினோம்? "என் தங்கச்சிக்கு நல்லாத் தெரியும், அவ பேச்சக் கேட்டிருக்கணும்" என்று நீங்களாவது போனில் சொல்லியிருக்கலாம்.

நடவு முடிந்தாலும் வர வேண்டாம். நாளை காலை கமருன்னிஸா அக்காவோடு பஸ் ஏறுகிறேன். சீர்காழிக்கு இல்லை.

பூவிழி