ஏழாவது த்ரெட்டும் என் மச்சினனும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மதியம் ஒரு சரித்திர ஆவணத்தில் கையெழுத்திட்டேன். ஒரே வரி: "புரோகிராமில் பிழை எதுவும் இல்லை." எதிர்காலத்தில் கல்வெட்டு வெட்டுபவர்கள் இந்த வரியைத் தேடி வருவார்கள்.

விஷயம் இதுதான். பார்சல் தரம் பிரிக்கும் கூடத்தில் மூன்று வாரத்தில் நான்கு முறை பெல்ட் நின்றுபோனதாம். அந்த பெல்ட்டை ஓட்டும் புரோகிராமை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தன்னந்தனியாக எழுதியவன் நான். அதற்குள் ஒன்பது த்ரெட். ஒரே அறையில் ஒன்பது ஆட்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வேலை பார்ப்பது போல. ஒருத்தன் பார்கோடு படிப்பான், ஒருத்தன் முகவரி தேடுவான், ஒருத்தன் கதவைத் திறந்து பார்சலைத் தள்ளுவான். யார் காலையும் யாரும் மிதிக்க மாட்டார்கள். தேவலோகத்து நடனக்காரிகள் வந்து டியூஷன் கேட்கவேண்டிய நேர்த்தி. இதில் பிழையா?

பிழை இல்லையென்றால் மனிதன்தான் நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு முறையும் ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் ஒரே ஆள். இருபதாம் தேதி விசாரணை. அவர் மேல்தான் தப்பு என்று முடிவானால் வேலை போகும்.

அந்த ஆபரேட்டர் என் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

காபி வந்தது. சர்க்கரை வரவில்லை. தம்பிக்காரன் போனில் சொல்லிவிட்டான் போல.

மார்ச் 7, வெள்ளி

மாலையில் மச்சினன் வந்தான். இருபத்திரண்டு வருஷமாக இவனை நான் ஒரு விஷயத்திலும் நம்பியதில்லை; காரணங்கள் உண்டு. என் ஸ்கூட்டரை ஒரு நாள் வாங்கிப்போய் மூன்று பாகமாகத் திருப்பிக் கொடுத்தவன். குளியலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று திருகி, கூடத்தில் படகு விடும் அளவுக்கு வெள்ளம் கொண்டுவந்தவன். இவன் கையை வைத்தால் மலையும் கழன்று விழும்.

"அத்தான், சத்தியமா நான் ஒண்ணையும் தொடல."

"நீ தொட்டு உடையாதது எதுடா?"

"ஸ்கூட்டர் கதை வேற அத்தான். இது தானா நிக்குது. விளக்கெல்லாம் எரியுது. ஸ்கிரீன்ல நம்பர் அப்படியே இருக்கு. எரர் கூட வரல. மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்குற மாதிரி நிக்குது."

"நின்னா என்ன பண்ணுவே?"

"ரீஸ்டார்ட். பன்னெண்டு செகண்ட். மொத்தக் கூடத்துலயும் நான்தான் வேகம்." வேலை போகப்போகிற நேரத்திலும் அதில் ஒரு பெருமை.

அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அவன் பொய் சொன்னா மூக்கு வேர்க்கும். கொஞ்சம் பாருங்க, வேர்க்குதா?"

பார்த்தேன். வேர்க்கவில்லை. எனக்குத்தான் வேர்த்தது. எரர் இல்லாமல், சாகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது — இந்த வியாதியை எனக்குத் தெரியும். இரண்டு த்ரெட் ஒன்றுக்கொன்று வழிமறித்து உறைந்துபோனால் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் என் புரோகிராமிலா? சேச்சே.

மார்ச் 10, திங்கள்

கூடத்துக்கே போய், புரோகிராமுக்குள் பிழை தேடும் கருவியான டீபக்கரை மாட்டினேன். இந்தக் கால டீபக்கர்களில் பொத்தான் உண்டு, வண்ணம் உண்டு, கிளி ஜோசியம் மட்டும்தான் இல்லை. என்னுடையது பழைய ஜாதி: கறுப்புத் திரை, ஒரு கர்சர். நாம் ஒரு வரி தட்டினால் அது ஒரு வரி பதில் சொல்லும். ஓடுகிற புரோகிராமின் கழுத்தைப் பிடித்தால் ஒன்பது த்ரெட்டும் தூக்கிய காலோடு அந்தரத்தில் நிற்கும். 'போ' என்றால் மறுபடி ஓடும்.

சந்தேகமான இடங்களிலெல்லாம் காவல் போட்டு ஓடவிட்டேன். பெல்ட் நிற்கவில்லை. மாலைவரை நிற்கவில்லை.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாக நிற்கவில்லை. எங்கள் மேனேஜருக்கு இது போதாதா? தும்மினாலும் எட்டு ஸ்லைடில் தும்முகிறவர் என்பதால் அவருக்கு 'பிரசன்டேஷன்' என்று பெயர். (எனக்கு ஆபீஸ் முழுக்கச் 'சித்தப்பா'.) மீட்டிங் கூட்டினார்.

"டீபக்கர் பார்க்கும்போது நிக்கல. பார்க்காதப்போ நிக்குது. இதுக்கு என்ன அர்த்தம் சித்தப்பா?"

"டீபக்கர் போட்டா த்ரெட்டுங்க ஓடுற வேகம் மாறிடும் சார். ரெண்டு த்ரெட் முட்டிக்கணும்னா மயிரிழை நேரம் பொருந்தி வரணும். நாம எட்டிப் பார்த்தாலே அந்த நேரம் தப்பிடும்."

"அதெல்லாம் இல்ல. மேலேருந்து பார்க்குறாங்கன்னு தெரிஞ்சதும் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கிட்டார். இது போதும் விசாரணைக்கு."

அடுத்த ஸ்லைடு: "நிரந்தரத் தீர்வு — டீபக்கரை எப்போதும் போட்டே வைத்தல்." கைதட்டல். டாக்டர் நாடியைப் பிடித்திருக்கும்வரை நோயாளி இருமவில்லை. ஆகவே டாக்டர் ஆயுள் முழுக்க அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நிற்கட்டும். இப்படி ஒரு வைத்தியத்தைப் பூவுலகம் கண்டதில்லை.

மார்ச் 13, வியாழன்

நிரந்தரத் தீர்வு பதினெட்டு மணி நேரம் வாழ்ந்தது. டீபக்கர் மாட்டிய பெல்ட் நிறைமாத ஆமை போல நகர்கிறதென்று கூடத்தில் கழற்றிவிட்டார்கள்.

மார்ச் 14, வெள்ளி

குளிக்கும்போது உறைத்தது. சோப்புக் கண்ணோடு அப்படியே நின்றேன்.

பெல்ட் நிற்பதற்கு முன்பிருந்தே நான் ஏன் காவல் காக்க வேண்டும்? நின்ற பிறகு பிடித்தால் போதுமே! உறைந்துபோன த்ரெட்டுகள் எங்கும் ஓடிவிடாது. குற்றம் நடந்த இடத்தில் கையில் பூட்டோடு, அதாவது 'இதை இப்போது நான் மட்டுமே தொடலாம்' என்ற உரிமையோடு, நின்றுகொண்டிருக்கும். அப்புறம் ஏன் நான்கு முறையும் எதுவும் கிடைக்கவில்லை? பன்னிரண்டே செகண்டில் ஒருத்தன் ரீஸ்டார்ட் செய்து எல்லாத் தடயத்தையும் துடைத்துவிடுகிறான். ஏன் துடைக்கிறான்? "நின்றால் உடனே ரீஸ்டார்ட் செய்யவும்" என்று சுவிட்ச் பெட்டியில் கட்டளை ஒட்டியிருக்கிறது. ஒட்டியது யார்?

அதை எழுத வேண்டாம்.

மச்சினனுக்குப் போன் செய்தேன்.

"அடுத்த தடவை நின்னா ரீஸ்டார்ட் பண்ணாதே. எனக்குப் போன் பண்ணு."

"ஐயோ அத்தான், நிக்க விட்டா அன்னிக்கே தூக்கிடுவாங்க."

"நீ தப்பு பண்ணலைங்கறதுக்கு இருக்குற ஒரே சாட்சியை நீயே அழிச்சுக்கிட்டு இருக்கேடா."

"எவ்ளோ நேரம்?"

"கால் மணி."

"பார்சல் கூரைக்குப் போயிடும்." உடனே குரலைத் தாழ்த்தினான். "அத்தான்... நீங்க என்னை நம்புறீங்களா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 17, திங்கள்

காலை பதினொன்று நாற்பது. போன்.

"நின்னுடுச்சு அத்தான்!"

ஆபீஸிலிருந்தே கூடத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் பார்சல்கள் விழுகிற சத்தம், நடுவே கூடத்து சூப்பர்வைசர் விசிலை ஊதி ஊதி அலறுகிறார்: "என்னய்யா வேடிக்கை பார்க்குறே? ரீஸ்டார்ட் பண்ணு!"

"மாட்டேன் சார். அத்தான், நான் சுவிட்ச் பெட்டி மேலயே ஏறி உட்கார்ந்துட்டேன். சீக்கிரம்!"

"எழுந்திருய்யா! பார்சல் ஃபேனைத் தொடுது!"

தட்டினேன், அந்த மகா மந்திரத்தை: த்ரெட் அப்ளை ஆல் பிடி. ஒன்பது பேரும் எங்கே நிற்கிறீர்கள், எந்த வழியாக வந்தீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். சொன்னார்கள். ஏழு பேர் வேலை வராததால் சும்மா நின்றிருந்தார்கள். நாலாவதும் ஏழாவதும் மட்டும் ஆளுக்கொரு பூட்டுக்காகக் காத்திருந்தன.

இந்தப் பூட்டு யார் கையில்? டீபக்கரைக் கேட்டேன். ஏழாவது கையில். அந்தப் பூட்டு? நாலாவது கையில்.

முகவரிப் பட்டியலின் பூட்டைப் பிடித்துக்கொண்டு கதவின் பூட்டுக்காக நாலாவது நிற்கிறது. கதவின் பூட்டைப் பிடித்துக்கொண்டு பட்டியலின் பூட்டுக்காக ஏழாவது நிற்கிறது. 'நீ விடு', 'நீ முதல்ல விடு.' யுகம் முடிந்தாலும் நகராது. ஏழாவதுக்கு ஒரே வேலை, திரும்பி வந்த பார்சல்களைக் கவனிப்பது. திரும்பி வருகிற பார்சல்கள் இறங்குவது காலை ஷிப்டில் மட்டும். காலை ஷிப்டில் இருப்பவன் மச்சினன்.

"கிடைச்சுடுச்சு. இப்ப ரீஸ்டார்ட் பண்ணுடா!"

"யாரு அத்தான் பண்ணினது?"

"ஏழாவது த்ரெட்."

"அவன் யாரு, நைட் ஷிப்டா?"

ஏழாவதின் வரிகளைத் திறந்தேன். எல்லாரும் பட்டியலை முதலில் பூட்ட வேண்டும், பிறகு கதவை. இங்கே மட்டும் தலைகீழ். அதற்கு மேலே ஒரு குறிப்பு: "வரிசை மாறினாலும் பிரச்சினை வராது." கீழே என் இனிஷியல்.

அதே நாள், சாயங்காலம்

ஒரு யோசனை வருகிறது. எழுதித்தான் பார்க்கிறேன்.

இரண்டு வரியை இடம் மாற்றினால் போதும். யாருக்கும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை விசாரணை முடியட்டும், பிறகு 'சின்ன அப்டேட்' என்று போட்டுவிடலாம். பெல்ட் அப்புறம் நிற்கவே நிற்காது. என் கல்வெட்டும் தப்பிக்கும்.

ஆனால் மச்சினன் போன பிறகு பெல்ட் நிற்கவில்லை என்றால் — பார்த்தீங்களா, அவன்தான் — என்றுதானே சொல்வார்கள்? என் திருத்தமே அவனுக்கு எதிரான கடைசி சாட்சியாகிவிடும். அப்படிச் சொன்னா நான் சும்மா இருப்பேனா? இருந்துடுவேன்னு தோணுது. அதான் பயமா இருக்கு.

மார்ச் 18, செவ்வாய்

மனைவி கேட்டாள். "கண்டுபிடிச்சுட்டீங்களாமே?"

"ம்."

"யார் தப்பு?"

அரை மணி நேரம் பூட்டு, த்ரெட், வரிசை என்று உபன்யாசம் செய்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி, ரெண்டும் எதிரெதிர் வரிசைல பூட்டை எடுத்துச்சு. அப்படி எடுக்கச் சொன்னது யாரு?"

"எழுதினவன்."

"எழுதினது யாருங்க?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அவளும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தா தேவலை.

மார்ச் 20, வியாழன்

விசாரணைக் குழு மூன்று பேர். மூவருக்கும் த்ரெட் என்றால் சட்டை தைக்கிற நூல். எதிரே மச்சினன், இஸ்திரி போட்ட சட்டையில், தரையைப் பார்த்தபடி. பிரசன்டேஷன் பன்னிரண்டு ஸ்லைடோடு தயார்.

அவர் ஆரம்பிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "ஒரு சின்ன செய்முறை" என்றேன். தலைவர் கையில் பேனாவைக் கொடுத்தேன், பிரசன்டேஷன் கையில் காகிதத்தை. "ரெண்டும் கையில வந்தாத்தான் கையெழுத்துப் போடலாம். போடாம கையில இருக்கிறதை விடக்கூடாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். ஒரு நிமிஷம் போனது. "காகிதத்தைக் கொடுங்க" என்றார் தலைவர். "சார், பேனா வந்தாத்தான்..." என்றார் பிரசன்டேஷன். பதவி உயர்வே போனாலும் அந்தக் காகிதத்தை விட்டிருக்க மாட்டார்.

"பெல்ட் நின்னது இப்படித்தான்" என்றேன். திங்கட்கிழமை டீபக்கர் தந்த பட்டியலை மேஜையில் வைத்தேன்.

தலைவர் உட்கார்ந்தார். "இந்த புரோகிராம் யார் எழுதினது?"

"நான்."

"பிழை இல்லைன்னு நாலாம் தேதி கையெழுத்துப் போட்டது?"

"அதுவும் நான்தான்."

"ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஒட்டினது?"

"சார், மூணுமே நான்தான்."

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். நான் பார்க்கவில்லை.

தீர்ப்பு: ஆபரேட்டர் மேல் தப்பில்லை, வேலையில் தொடரலாம். ஆனால் சுவிட்ச் பெட்டி மேல் உட்கார்ந்ததற்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம். எனக்கு, திருத்தத்தை மூன்று பேர் சரிபார்க்கும்படி கொடுத்துவிட்டு, இரண்டு நாள் ஆரம்பநிலைப் பயிற்சி. பிரசன்டேஷனுக்கு, பிழையைக் கண்டுபிடித்த குழுவை வழிநடத்தியதற்காகப் பாராட்டுச் சுற்றறிக்கை.

மார்ச் 24, திங்கள்

பயிற்சி. முதல் பாடம்: "த்ரெட் என்றால் என்ன?" முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

திருத்தம் நேற்றுக் கூடத்தில் ஏறியது. இன்று லீவு போட்டுவிட்டுக் காலை ஷிப்டுக்கே போனேன். யாரும் கூப்பிடவில்லை. மச்சினன் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "உட்காருங்க அத்தான்" என்றான். அவன் நின்றபடியே இருந்தான்.

திரும்பி வந்த பார்சல்களை மட்டும் எண்ணினோம், இருவரும் தனித்தனியாக. எட்டு மணி நேரம். பெல்ட் நிற்கவில்லை. பேச்சும் அதிகமில்லை. ஒரு தடவை அவன், "ஏழாவது நல்லாத்தான் வேலை பார்க்குறான்" என்றான். சிரித்தேன்.

ஷிப்ட் முடிந்து கணக்குப் பார்த்தோம். நான் எண்ணியது முந்நூற்று நாற்பத்தொன்று. அவன் முந்நூற்று நாற்பத்திரண்டு என்றான். என்னுடையதை அடித்தேன்.

முந்நூற்று நாற்பத்திரண்டு.