மூச்சு சரியாகும் வரை

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

திட்டுகிறேன் என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனாய். சாயங்காலமே இழுப்பு. மூச்சு வாங்கும்போது விலா எலும்பெல்லாம் தெரிந்தது. போன தடவையும் இதே கதைதான். கார் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவன் மேல் நெடி இல்லாமல் இருக்குமா? தாயில்லாப் பிள்ளை, என்னை நம்பி விட்டிருக்கிறாய். அவளுக்கு மூச்சு சரியாகும் வரை இந்தப் பக்கம் வராதே.

உன் அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

சலவைச் சட்டைதான் போட்டு வந்தேன். பாப்பாவைத் தூக்கப் போகிறோமே என்று கை, கழுத்தெல்லாம் பெயிண்ட் போகத் தின்னர் ஊற்றி இரண்டு தடவை தேய்த்தேன். அதுவும் தப்பா? நான் தூக்கியதால்தான் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறதா? டாக்டரிடம் கேட்டு ஒரு வரி எழுது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

தம்பி

ஜூலை 12

அக்கா,

பதிலே இல்லை. புரிந்துகொண்டேன். தூரத்தில் ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், நாளைக்குப் புறப்படுகிறேன். பாப்பா இனி அத்தானையே அப்பா என்று கூப்பிடட்டும். அவள் நன்றாக இருந்தால் போதும்.

தம்பி

ஜூலை 16

என் தம்பிக்கு,

அவசரக்குடுக்கை! ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தோம், உன் முதல் கடிதத்தையே நேற்றுதான் பிரித்தேன். நீ வராமலேயே அவளுக்கு இழுப்பு வந்ததடா, முன்னைவிட மோசமாக. "தின்னர் நெடி இழுப்பைக் கிளப்பும், சோப்பு போட்டுக் குளிச்சுட்டு வரச் சொல்லுங்க. ஆனா நோய் அவரால வந்ததில்லம்மா" என்றார் டாக்டர். ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை, கைக்குழந்தையிலேயே நிமோனியா, எங்கள் படுக்கையறைச் சுவரில் பூஞ்சை, பால்கனியில் உன் அத்தான் ஊதும் சிகரெட். எல்லாம் சேர்ந்திருக்கும், இதுதான் காரணம் என்று ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியாதாம். வீட்டுக்குள் புகையை வைத்துக்கொண்டு உன்னைத் துரத்தினேனே, பாவி நான்!

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மருந்து கொடுக்க முகமூடி மாட்டும்போது, "அப்பா எங்க அத்தை?" என்றாள். உன் அத்தானைக் காட்டினேன். "அது மாமா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எங்கே போனாய் என்றுகூட நீ எழுதவில்லை. பட்டறைக்கே அனுப்புகிறேன். அங்கே இதைப் பிரிப்பவர் யாராக இருந்தாலும் சரி, அவன் போன இடம் தெரிந்தால் சொல்லி அனுப்புங்கள், ஐயா. பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவன் அக்கா