வேலியில் விழுந்தது

கெர்க்கென்னா தீவு,
சனிக்கிழமை

என் மகன் ஹபீபுக்கு,

உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இதைப் பிரிப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் பாபாவும் உன் தங்கையும் இருக்கிறோம். சொல்வது நான், எழுதுவது ரீம். பள்ளியை விட்டு மூன்று வருடமாகியும் அவள் கையெழுத்து கெடவில்லை. நாளை நம் ஊர் தௌஃபீக் கடல் தாண்டி உன் பலெர்மோவுக்கு வருகிறான், அவன் கையில் காயவைத்த பேய்க்கணவாய் கொடுத்திருக்கிறேன். உன் தம்பி ஸ்கந்தர் அங்கே வந்து சேர்ந்தானா, படகு கிளம்பிப் பன்னிரண்டு நாளாகிறது. வியாழக்கிழமை குடாவில் மீன்கூடு தூக்கப் போனோம், மீனைக் கூட்டுக்குள் திருப்பக் கடலில் நட்ட நம் ஓலைவேலியில் ஒரு கடற்காக்கைகூட உட்காரவில்லை என்று முதலில் பார்த்தவள் ரீம்தான். கூட்டின் வாயில் ஒரு பிள்ளை குப்புறக் கிடந்தான், யார் பெற்றதோ. அலை நுழையாத குடா, மீனைப் போல ஓலையோரமாகவே உள்ளே வந்திருக்கிறான். நான் பார்த்தேன், நம் பிள்ளை இல்லை. இவன் சட்டை கறுப்பு, ஸ்கந்தருடையது நீலம். பக்கத்து வேலிக்கார முக்தார் பாபாவைப் பார்த்து, என்ன ஸாலிஹ், வேலியில விழுந்தது வேலிக்காரனுக்குத்தானே, இதையும் வீட்டுக்குக் கொண்டுபோறியா என்று கேட்டான். உன் நாக்கு அழுகிப்போகும்டா என்று கத்தினேன். பாபா அன்றிலிருந்து வேலிக்குப் போகவில்லை, மீன் கூட்டிலேயே செத்து நாறுகிறது. யாரோ ஒருவனுக்காக இவ்வளவு இடிந்துபோனால் எப்படி. ஸ்கந்தர் வந்தால் திட்டாதே, சொல்லாமல் போனதற்கு நானே இங்கிருந்து திட்டி முடித்துவிட்டேன். முதல் நாள் கஞ்சி மட்டும் கொடு, உப்புத்தண்ணீர் குடித்த வயிறு. உங்கள் இருவரையும் அல்லாஹ் ஒரே கூரையின்கீழ் வைக்கட்டும். கணவாயில் பாதி அவனுக்கு, மறந்துவிடாதே.

உன் உம்மா,
ஸுஹ்ரா

அண்ணா, இதற்குக் கீழே நான் எழுதுவது. போனில் எனக்கு வாய் வராது. உம்மா கரையிலேயே திரும்பி நின்றுவிட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. பாபாவோடு தண்ணீரில் இறங்கியது நான். கம்பளிச் சட்டை நனைந்தால் நீலமும் கறுப்புதான். முழங்கையில் வலைநூலால் ஒட்டுத்தையல் இருந்தது, நான் போட்டது. காவலர்கள் கேட்டபோது பாபா தெரியாது என்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பேசவில்லை. வரும் வெள்ளிக்கிழமை பேரில்லாதவர்களோடு எண் போட்டுப் புதைத்துவிடுவார்களாம். அதற்குள் வந்து அவன் பேரைச் சொல், எங்களால் முடியவில்லை.

உம்மா வாசித்துக்காட்டச் சொல்கிறாள். அவள் சொன்னதை மட்டும் வாசித்துவிட்டு உறையை ஒட்டுகிறேன்.