சிறுத்தைக்குக் கட்டிய கிடா

கருங்காட்டுத் தோட்டம், மேற்கணக்கு,
பொகவந்தலாவை.
18-7-1961

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அப்பா சோலைமலை எழுதிக்கொண்டது. முனியாண்டி புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் நலம். துறையூரில் நீயும் மாப்பிள்ளையும், எட்டு மாதமாக உன் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் நலம் என்று ஒரு வரி வந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். முன்னே இரண்டு தடவை தங்காமல் போனதையே நினைத்துக் கலங்காதே தாயி. தண்ணீர்க் குடத்தை மாப்பிள்ளை தூக்கட்டும், கை ஒன்றும் தேய்ந்துபோகாது. இங்கே மழை விட்டபாடில்லை, லயத்து வீட்டுக் கூரை வழக்கம்போல அடுப்புக்கு மேலேதான் ஒழுகுகிறது.

நம் தோட்டத்துத் துரை வேட்டையை விட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டார். தேயிலைக்கு மேலே உள்ள காட்டில் இனி யாரும் மரம் வெட்டக்கூடாது, சுடக்கூடாது என்று கம்பி வளைத்து, ஓடைக்கரையில் பெரிய பங்களா ஒன்றும் கட்டியிருக்கிறார். கொழும்பிலிருந்தும் சீமையிலிருந்தும் பெரிய இடத்து ஆட்கள் வந்து, வெந்நீரில் குளித்து, வெள்ளித் தட்டில் சாப்பிட்டு, சாயங்காலம் பரணில் ஏறி மரைமானும் சிறுத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வேட்டைக் காலத்தில் துரைக்குத் துப்பாக்கி சுமந்த நான்தான் இப்போது காட்டுக்குக் காவல். விறகுக்குப் போக விடவில்லை என்று பெண்கள் என்னைத் திட்டாத நாளில்லை, அதில் உன் அம்மா வேலாயிதான் முதல் ஆள். ஆனாலும் மரைக் கன்றுகள் பயமில்லாமல் ஓடைக்கு இறங்குவதைப் பார்த்தால் மனம் குளிர்ந்துபோகிறது.

போன மாதம் ஒரு வம்பில் மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் உட்கார்ந்தும் சிறுத்தை கண்ணில் படவில்லை என்று விருந்தாளிகள் முகத்தைத் தூக்கிக்கொள்ள, ஓர் ஆட்டைக் கட்டிவையுங்கள் என்று துரை சொல்லிவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டு பரணில் ஏறினேன். ஆடு பிடிக்கப் போனது கொழும்பிலிருந்து வந்த புதுச் சமையல்காரன். உனக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்தால் வெட்டுவதாக உன் அம்மா முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை நீ பார்த்ததில்லை. சாமி கிடாவை நம் ஆட்கள் கட்டவும் மாட்டார்கள், அடிக்கவும் மாட்டார்கள், எந்த வீட்டில் நுழைந்தாலும் அதற்கு ஒரு வாய் உண்டு. அந்த மனிதனுக்கு இது எங்கே தெரியும்? கட்டாமல் திரிந்ததால் ஆளில்லாத ஆடு என்று நினைத்துப் பிடித்து வந்து கட்டிவிட்டான். அது திரும்பினபோதுதான் கழுத்தில் மஞ்சள் துணியைப் பார்த்தேன். அதே நேரம் புதரை விலக்கிக்கொண்டு சிறுத்தையும் வந்து பதுங்கிவிட்டது. எனக்கு உன் முகம்தான் தெரிந்தது தாயி. "அடேய், அது எம்புள்ளைக்கு நேந்த கிடாடா!" என்று கத்திக்கொண்டே குதித்து இறங்கிவிட்டேன். சிறுத்தை ஒரே பாய்ச்சலில் ஓடிப்போனது. முடிச்சு கைக்கு அவிழவே இல்லை, பல்லால்தான் கடித்து அவிழ்த்தேன்.

துரைக்கு வந்ததே கோபம். "நாளைக்கு நீ பெரட்டுக்குப் போ மேன்" என்று காவல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார். இந்த வயதில் மறுபடி காலைப் பெரட்டில் கூலி ஆட்களோடு வரிசையில் நின்று பெயர் கொடுத்து, பத்து நாள் மழையில் தண்ணீர்க் கான் வெட்டினேன். ஆனால் சிறுத்தை எந்தத் தடத்தில் வரும் என்று வேறு எவனுக்குத் தெரியும்? வந்தவர்களெல்லாம் மூஞ்சூறுகூடப் பார்க்காமல் திரும்பிப் போக, மலையில் வேலை பார்வையிடும் கண்டாக்கு ஐயா தேடி வந்து, "வீம்பு பண்ணாம வாய்யா, தொரை கூப்பிடுறாரு" என்றார். "வாறேனுங்க, ஆனா இனிமே அந்தக் காட்டுல யாரோட ஆட்டையும் கட்டக் கூடாதுங்க" என்றேன். துரையிடமும் போய் அதையே சொன்னேன், சுருட்டை அணைத்துவிட்டுச் சரி என்றார்.

இனி எழுதுவதை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டப் போவதில்லை. அன்றையிலிருந்து அந்தக் கிடா என் பின்னாலேயே திரிகிறது. பெரட்டுக்கும் வந்தது, இப்போது காட்டுக் கம்பி வரைக்கும் வந்து நான் திரும்பும் வரை அங்கேயே நிற்கிறது. அதை எப்படி வெட்டக் கொடுப்பேன்? பிள்ளை பிறந்ததும் கிடாவுக்குப் பதிலாக முனியாண்டிக்கு ஒரு வெண்கல மணி வாங்கிக் கட்டிவிடலாமா என்று பார்க்கிறேன். நேர்ந்தது உனக்காக, அதனால் நீ சொன்னால்தான் அம்மா கேட்பாள்.

முனியாண்டி காவலில் நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழவேண்டும். பிறந்த அன்றைக்கே தந்தி அடிக்கச் சொல். மணி விஷயத்தை மறக்காமல் உன் கையாலேயே எழுது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நீ எழுதாததையும் எழுதியதாக நான் வாசித்துவிடலாம்தான். ஆனால் உன் பிள்ளை விஷயத்தில் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது தாயி.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
சோலைமலை