ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பிரேக்

நேற்று மருமகள் காரை வாசலில் நிறுத்தியதும் கருகல் வாடை அடித்தது. இடப்பக்க முன்சக்கரத்திலிருந்துதான். எனக்கு உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்த வீட்டுக்காரர் ஞாபகம் பூ வாசத்தில் வருமாம். எனக்கு வாய்த்தது இது.

உங்கள் மகன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “நீ பிரேக்க மிதிச்சிக்கிட்டே ஓட்டுற லா. இனிமே வேலைக்கு பஸ்ல போ,” என்று அவளிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

அதே வார்த்தை. தோட்ட வேலையை விட்டு ஈப்போ டவுனுக்கு வந்து நாம் முதல் கார் வாங்கியபோது நீங்கள் என்னிடம் சொன்னது. என் அம்மா பாகான் செராயில் படுக்கையில் கிடந்த நேரம். சாவி உங்கள் சட்டைப்பையில். நான் பஸ் மாறி மாறிப் போனேன். அதுவும் போதாதென்று உங்கள் அக்கா வீட்டுக் கல்யாணத்தில், “இவ காலு பிரேக்க விட்டு எறங்காது” என்று சொல்லிச் சிரித்தீர்கள். கூடச் சேர்ந்து யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

பிறகு நீங்களே சக்கரத்தைக் கழற்றினீர்கள். சக்கரத்தை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட்டுகளில் உள்பக்கப் பேட் இரும்புவரை தேய்ந்திருந்தது; வெளிப்பக்கப் பேட் புதிதுபோலத் தடியாக இருந்தது. என் கால் செய்த வேலை என்றால் இரண்டும்தானே தேய்ந்திருக்க வேண்டும்? பேட்டுகளைத் தாங்கும் கூடு நகர்வதற்கான ‘பின்’ ஆணி இறுகிக் கிடந்தது. ஆயுத பூசைக்கு டயரடியில் எலுமிச்சை வைத்த கையோடு, சாமி விளக்கில் மிஞ்சிய நல்லெண்ணெயை அந்தப் பின்னுக்கும் பூசியவர் நீங்கள்தான். சூட்டில் அது பிசினாகிவிட்டது.

தப்பு என்று வாய் திறக்கவில்லை. பின்னைத் துடைத்து, அதற்கான கிரீஸ் போட்டு, புதுப் பேட் மாட்டி, சாவியை என் கையில் வைத்தீர்கள். இடப்பக்க இருக்கையில் போய் உட்கார்ந்தீர்கள். “அத்தையப் பாத்துட்டு வருவோம். போலாமா?” பாகான் செராய் வரைக்கும் என் கால் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கழுத்து வலித்திருக்கும்.

நேற்று உங்கள் மகனையும் சக்கரத்தைக் கழற்ற வைத்தேன். அதே கோலம்.

“பூசைக்கு வெளக்கு எண்ணெ போட்டியாடா?”

“அப்பா போடுவாரும்மா...”

“அப்பா அப்புறம் நிறுத்திட்டாரு. அத மட்டும் நீ பாக்கல. பேட்ட மாத்திட்டு அவகிட்ட சாவியக் குடு. மன்னிப்பும் கேளு.”

“சாரி லா,” என்றான் அவளிடம்.

“இந்த ஊரு லா எல்லாம் வேணாம். ஒழுங்காக் கேளு.”

கேட்டான். மருமகள் சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உங்களிடம் வாங்காததை அவனிடம் வாங்கிவிட்டேன். ஆனாலும் அந்தக் கல்யாணச் சிரிப்பை விடுவதாக இல்லை. மனதில் அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, என் காலைப் பார்த்துவிடக் கூடாது என்று விறைத்துக்கொண்டு வந்த உங்கள் கழுத்தும் இருக்கிறது.