ஊதாத் துணியால் மூடிய பெட்டி

மார்ச் 3, திங்கள்
வாசலில் பனி தள்ளிவிட்டு வந்து வீட்டுக் கணக்கை எழுதி முடித்தேன். பிறகு கீழே பேஸ்மென்றில் சட்டைகளுக்கு அயன். மூன்றாவது இசைத்தட்டின் இரண்டாம் பக்கம், முழுப் பக்கமும் ஒரே பாட்டு. கோயில் ஓர்கன் மாதிரித் தொடங்கும். பிறகு கிற்றார், கைதட்டல், மூன்று-இரண்டு-இரண்டு என்று நொண்டுகிற தாளம். பாடுகிறவர் வாய் திறக்குமுன் ஒருதரம் செருமுவார். அந்தச் செருமலுக்காகவே அயனை நிறுத்திவிட்டு நிற்பேன்.

அஜின்கோர்ட்டில் இந்த வீட்டை வாங்கியபோது, முன்பிருந்த ஸ்பானியக் கிழவர் விட்டுப்போன பெட்டி. ஒரே குழுவின் நாலு தட்டு, ஒரு பிளேயர். அட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் ஸ்பானியச் சொற்கள் படித்தேன். என் புருசன் பஸ்ரியன் மேலே நின்று, "உந்தப் பேய்க்கூத்தை நிப்பாட்டும்" என்றார். வந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறார்.

மார்ச் 5, விபூதிப் புதன்
இறைச்சியை விடுவது எனக்குப் பெரிய காரியமில்லை. விட்டால் நோக வேண்டும். ஆகவே இந்தத் தவக்காலம் முடியுமட்டும் பாட்டு இல்லை. பெட்டியை ஊதாச் சேலைத்துண்டால் மூடினேன், தவக்காலத்தில் கோயிலில் சுரூபங்களை மூடுவது போல. பாட்டை விட்டிட்டன் என்று பஸ்ரியனிடம் சொன்னேன். ஆண்டவருக்குத் தோத்திரம் என்று சிரித்தார்.

மார்ச் 21
பாட்டில்லாமல் அயன் பண்ணினால் சட்டைகள் முடிகிறதேயில்லை.

ஏப்ரல் 12, சனி
பெட்டி இல்லை!

கோயில் கட்டட நிதிக்குப் பழைய சாமான் விற்பனை. பாடகர் குழு ஏஞ்சலா சாமான் சேர்க்க வந்திருக்கிறா. பஸ்ரியனே தூக்கி அவவின் காருக்குள் வைத்தாராம், துணியோடு. போன கிழமை. நான் கிட்டப் போவதில்லை என்று நேர்ந்திருந்தபடியால் காணவில்லை. ஒரு வெங்காயம் குறைந்தாலே கண்டுபிடிக்கிறவள் நான்.

"நீர்தானே விட்டிட்டன் எண்டனீர்" என்கிறார்.

மூடிவைக்கிறது எறியவோ? சுரூபத்தை மூடினால் சாமி வீட்டை விட்டுப் போயிட்டாரோ? ஞானஸ்நானம் வாங்கின மனுசன்தானே இவர்? இவரின்ரை தச்சுச் சாமான் பெட்டியை நான் தொட்டிருப்பனோ? இந்த வீட்டிலை எனக்கெண்டு இருந்தது அது ஒண்டுதான்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
ஏஞ்சலாவிடம் கேட்டேன். யாரோ தாடி வைத்த பெடியன் மொத்தமாக வாங்கிப் போனானாம், பெயர் தெரியாதாம். "விடுங்கோ அக்கா, வெறும் சத்தம்தானே" என்றா. கையில் குருத்தோலை இருந்ததால் ஏசாமல் வந்தேன்.

ஏப்ரல் 15
பிக்கரிங்கிலிருந்து மகள் ஸ்டெபனி வந்து அந்தக் குழுவின் பாட்டுகள் எல்லாவற்றையும் என் போனில் போட்டுத் தந்தாள். "இஞ்ச பாருங்கோ அம்மா, சூப்பர் கிளியர். இப்ப ஹாப்பியா?"

புதிதாகத் துப்புரவாக்கி வெளியிட்டதாம். எங்கள் தட்டில் மேளம் இடப்பக்கத்தில், கிணற்றுக்குள் இருந்து வருவது போல் கேட்கும். இதில் நடுமண்டையில் அடிக்கிறது. செருமலை வெட்டிவிட்டார்கள். மூச்சுவிடாத மனிதர் பாடுகிறார். பிள்ளை ஆசையாய்ச் செய்தது, நல்லம் என்றேன். அவள் போனபின் போனைக் குசினி லாச்சிக்குள் கரண்டிகளோடு போட்டு மூடினேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
சிலுவையில் வாய்வைத்து முத்தி செய்ய வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பஸ்ரியன். அவருடைய பிடரியைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். இந்த மனதோடு முத்தி செய்யலாமோ? விலகிவிட்டேன். தவக்காலத்தையும் கெடுத்துவிட்டார்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு
பாட்டு வரவேண்டிய நாள். சோறு வைத்தேன். எனக்குத் தனியாகப் போட்டுச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 26, சனி
பஸ்ரியன் காலையில் போய்ப் பொழுதுபட வந்தார். கக்கத்தில் ஒரு பழைய பிளேயர், கையில் ஒரு தட்டு. மூன்றாவது.

நான் கேட்கவில்லை, அவராகவே தொடங்கினார். டவுண்ரவுனில் பழைய இசைத்தட்டுக் கடைகளில் ஏறி இறங்கினாராம். குழுவின் பெயர் தெரியாது, மகளிடம் கேட்க வெட்கம். கடைசிக் கடையில் மேசையில் தட்டிக் காட்டினாராம். மூன்று, இரண்டு, இரண்டு.

"ஓர்கனையும் வாயாலை வாசிச்சனான். பிறகு செருமினன். கடைக்காரன் சிரிச்சுக்கொண்டு உள்ளுக்கை போய் இதை எடுத்துக்கொண்டு வந்தான்."

பேய்க்கூத்து என்றவருக்குச் செருமல் வரை பாடம்.

போட்டுப் பார்த்தேன். எங்களுடையது இல்லை, அந்தக் கீறல் இல்லை. ஆனால் மேளம் இடப்பக்கம்தான். செருமினார்.

கோபம் போகவில்லை. இன்னும் மூன்று வரவேண்டும், சொல்லிவிட்டேன். ஓம் என்றார்.

கிழமைச் சட்டைகள் குவிந்து கிடந்தன. நான் கதிரையில் இருந்து கேட்டேன். அவர் அயன் பண்ணினார்.